குட்டி போடும் ஆற்றுத் திருக்கை

திருக்கை என்றதும் கடற்கரைப் பக்கத்துச் சகோதரிகளுக்குக் குழம்புதான் ஞாபகம் வரும். கடல் பக்கமே போகாத திருக்கையும் உண்டு. தென் அமெரிக்காவில் அமேசான், ஒரினோக்கோ, பரானா ஆறுகளில் வாழ்கிறது. பிரேசில் நாட்டு ஷிங்கு ஆற்றில் உள்ள ஒரு வகை, கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டு வைத்தது போல இருக்கும். அழகுக்காக வளர்ப்பவர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள். அதனால் வண்ணமீன் வளர்க்கும் குழுக்களில், "இதையே நாமளும் வளர்த்தா என்ன?" என்று பேச்சு வருகிறது. கடனுக்குத் தீர்மானம் போடுவதற்கு முன் விவரம் பார்ப்போம்.

இது முட்டை இடாது, குட்டி போடும். ஆணுக்கு வால் ஆரம்பிக்கும் இடத்தில் இரண்டு விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பெண்ணுக்குக் கிடையாது. சேரும்போது ஆண், பெண்ணின் உடம்பு ஓரத்தைக் கடித்துப் பிடிக்கும். பெண் சின்னதாக இருந்தால் தாங்காது. காயம் அதிகமானால் உடனே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

சினைக்காலம் சுமார் மூன்று, நான்கு மாதம். கரு முதலில் தன் மஞ்சள் கருவை உண்ணும். பிறகு தாயின் கருப்பையில் பால் போல ஒரு சத்து சுரக்கும். அதில்தான் குட்டி வளர்கிறது. மீனுக்குள் இப்படி ஒரு தாய்ப்பால்! எனவே சினை மீனுக்கு இறால், மண்புழு, மீன் துண்டு என்று வயிறாரப் போட வேண்டும்.

சரி, எத்தனை குட்டி? பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். குட்டி வளர்ந்து பருவத்துக்கு வரவே சில வருஷம் ஆகும். நம்ம மோலி மீன் மாதம் ஒரு தடவை பத்து, இருபது என்று போட்டுத் தள்ளும். கடன் தவணையோ மாதா மாதம் கட்டணும். முதல் கடனை இதில் போடுவது சரியில்லை என்பதே எங்கள் கருத்து.

தண்ணீர் விஷயமும் லேசு இல்லை. தட்டு அகலத்துக்கு வளரும் மீன், நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். அந்தக் கழிவில் உண்டாகும் அம்மோனியா அதற்கே விஷம். பெரிய தொட்டி, மணல் தரை, நிற்காமல் ஓடும் வடிகட்டி எல்லாம் வேண்டும். கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு வேண்டும். பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் செத்துப்போகும்.

வாலில் விஷ முள் இருக்கிறது. தொட்டிப் பக்கம் பிள்ளைகளை விடாதீங்க. குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை முக்கி வைத்தால் வலி குறையும். அதோடு ஆஸ்பத்திரிக்கும் போய்விட வேண்டும்.

இன்னொன்று: 2022-ல் நடந்த உலக நாடுகளின் மாநாட்டில், ஷிங்கு ஆற்று வகை உட்படச் சில ஆற்றுத் திருக்கைகளை நாடு விட்டு நாடு விற்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். யாராவது ஜோடி தருகிறேன் என்று வந்தால், வந்த வழிக்கான காகிதத்தைக் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு வனத்துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகு முன்பணம் கொடுங்கள்.