மருந்துக்கு மசியாத இரத்தக் கழிச்சல்

மூன்று வாரம் வரை துள்ளித் திரிந்த குஞ்சுகள் திடீரென இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும். எச்சத்தில் இரத்தம் தெரியும். வழக்கமான மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தும் குஞ்சுகள் மடிவதுண்டு. மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் கிருமி பெருகும் விதத்தை அறிந்துகொள்வது நல்லது.

இந்நோயை உண்டாக்குவது ஐமீரியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அவற்றுள் டெனெல்லா இனம் மிகக் கொடியது. எச்சத்துடன் வெளிவரும் அதன் முட்டை போன்ற கூடு, ஈரக் கூளத்தில் இரண்டொரு நாளில் முதிர்ந்துவிடும். ஒரு கூட்டினுள் 8 கிருமிகள். குஞ்சு கொத்தி விழுங்கியதும் இவை குடல் செல்களுக்குள் புகும். அங்கே மற்ற செல்களைப் போல ஒன்று இரண்டாகப் பிரிவதில்லை. மரபுப் பொருளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்து வைத்துக்கொண்டு, ஒரே சமயத்தில் வெடித்துச் சிதறும். முதல் சுற்றில் ஒன்றிலிருந்து ஏறக்குறைய 900 வரை வரும். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றும் இருநூறு, முந்நூறாகும். அப்போதுதான் குடல் கிழிந்து இரத்தம் கொட்டும்.

இத்தனை படி எடுக்கும்போது எங்காவது எழுத்துப்பிழை நேரத்தானே செய்யும்! மாட்டுக்கும் கோழிக்கும் மரபுப் பொருள் இரட்டைப் பிரதியாக இருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுகட்டும். இக்கிருமிக்கோ ஏறக்குறைய வாழ்நாள் முழுதும் ஒற்றைப் பிரதிதான். பிழை உடனே பலனைக் காட்டும். எப்போதாவது மருந்து பிடிக்கும் இடமே மாறிப்போகும். மற்றவை மடிய, அது மட்டும் பெருகும். 1948-ல் வந்த சல்பாகுயினாக்சலினுக்குச் சில ஆண்டுகளிலேயே எதிர்ப்பு தோன்றியது. 1971-ல் வந்த மொனென்சினுக்கு மெதுவாகவே தோன்றியது.

ஆகவே, கால்நடை மருத்துவர் சொன்ன அளவையும் நாட்களையும் குறைக்கலாகாது. அரை மருந்து, தாங்கும் கிருமியைப் பொறுக்கி வளர்ப்பதற்கு ஒப்பாகும். ஆம்புரோலியம் கொடுக்கும் நாட்களில் பி1 வைட்டமின் டானிக்கை நிறுத்திவிட வேண்டும்; அது மருந்தின் வேகத்தைக் குறைக்கும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அக்கூடு அசையாது. காய்ச்சலுக்கும் கடும் வெயிலுக்கும் தாங்காது.

கிருமியின் இதே மாறும் குணத்தை மனிதனும் பயன்படுத்திக்கொண்டான். முந்தி வெளிவரும் கூடுகளை மட்டும் பொறுக்கித் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, பெருக்கம் குறைந்த சாதுவான கிருமியை ஜெஃபர்ஸ் 1975-ல் உருவாக்கினார். இவ்வகைக் கிருமிகளைக் கொண்டு தடுப்பு மருந்துகள் தயாராகின்றன. உயிருள்ள இத்தடுப்பு மருந்து பெற்ற குஞ்சுகளுக்கு, தீவனத்தில் இரத்தக் கழிச்சல் மருந்து கலந்தால் தடுப்பு வீணாகும்.