ஓணான் குடும்பம் – 9: பெட்டிக்குள் வந்த பாலைவனம்

போன வாரம் மாத்தளைக்கு மேலே றிவர்ஸ்டன் மலையின் பனிமூட்டத்துக்குள், மூக்கில் இலை முளைத்தது போன்ற ஓணானோடு தொடர் நின்றது. இந்த வாரம் அதே மலையில் குட்டி ஈனும் குள்ள ஓணானின் முறை. அது சற்றுப் பொறுத்திருக்கட்டும். குடும்பத்தின் தூரத்து உறவு ஒன்று நோயாளியாக வந்து வரிசையில் முந்திக்கொண்டது.

அதுதான் தாடி ஓணான். விஞ்ஞானப் பெயர் பொகோனா விட்டிசெப்ஸ். அவுஸ்திரேலியாவின் உட்பகுதி வறள்நிலம்தான் அதன் சொந்த ஊர். மாத்தளை வேலிகளில் தலையாட்டும் பச்சை ஓணானுக்கும் இதற்கும் ஒரே குடும்பப் பெயர்: அகமிடே. அவுஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வியாபாரத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. ஆகவே இன்று உலகெங்கும் செல்லப்பிராணியாகக் கைமாறுவது கூண்டிலேயே பிறந்து பெருகிய வம்சம். பார்க்க முரடு, பழகச் சாது. அதனால்தான் ஊர்வன வளர்ப்போர் பலர் முதலில் தேடுவது இதைத்தான்.

சிக்கல் தொடங்குவது கைமாறிய பிறகுதான். பழைய வீட்டில் துறுதுறுவென்று இருந்தது புதிய வீட்டுக்கு வந்ததும் தாடியைக் கறுப்பாக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்குகிறது. கரப்பொத்தான் பூச்சி முன்னால் ஓடினாலும் பார்ப்பதோடு சரி. இதற்கு இடம் மாறிய மிரட்சியே பெரும்பாலும் காரணம். ஓரிரு வாரம் தொந்தரவு செய்யாமல் விட்டால் தேறிவிடும். தேறாமல், சில வாரம் கழித்துப் பின்னங்கால் விரல்கள் தாமாகவே துடிக்கத் தொடங்கினால் கதை வேறு. அப்போது மிருக வைத்தியர் செய்யும் முதல் காரியம் கீழ்த்தாடையை இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பார்ப்பது. எலும்பு கல்லாக நிற்க வேண்டும். நோய் முற்றிய பிராணியில் அது றப்பர் போல் வளைந்து கொடுக்கும்.

இந்த எலும்பு நோயில் குறைவது கல்சியம். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் தீனித் தட்டு மட்டுமல்ல, விளக்கும்தான். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்களில் ‘பி’ வகை தோலில் பட்டால்தான் உடல் டி3 விற்றமினை ஆக்குகிறது. அது ஈரலிலும் சிறுநீரகத்திலும் பதமான பிறகே குடல் கல்சியத்தை உறிஞ்சும். ஜன்னலோரம் வைத்தால் போதும் என்று நம்புவோர் அநேகர். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விட்டுவிட்டு, அந்தக் கதிரை மட்டும் வாசலிலேயே தடுத்துவிடும். அந்தக் கதிருக்காகப் பெட்டிக்குள் பொருத்தும் விளக்கும் ஏமாற்றும். குழல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும்; மாதங்கள் ஓட ஓட அதிலிருந்து வரும் புறஊதா தேய்ந்துவிடும். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. முன்னைய வீட்டுக்காரர் அன்பளிப்பாகச் சேர்த்துக் கொடுத்த பழைய விளக்கே புதிய வீட்டில் நோயாகிவிடுவது இப்படித்தான். உடம்பில் இருக்கும் டி3 கையிருப்பு கொஞ்ச காலம் தாக்குப்பிடிப்பதால், காரணம் ஒரு மாதத்திலும் விளைவு இன்னொரு மாதத்திலும் வருகிறது. வளர்ப்பவர் குழம்புவதில் வியப்பில்லை.

தீனியிலும் ஒரு கணக்கு உண்டு. வளர்த்து விற்கும் சிள்வண்டுகளில் கல்சியத்தைவிடப் பொசுபரசு பல மடங்கு அதிகம். அதனால்தான் கல்சியத் தூளில் புரட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பசளிக்கீரை போன்றவற்றை நிறையக் கொடுத்தால் அதிலுள்ள ஒக்சலேற்று இருக்கும் கல்சியத்தையும் கட்டிப் போட்டுவிடும்.

மாத்தளை பற்றி ஒரு வார்த்தை. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரம். பகலில் வீட்டுக்குள் நமக்குச் சுகமான சூடு. தாடி ஓணானுக்கோ குளிர்காயும் கல் 40 பாகை செல்சியஸ் அளவில் கொதிக்க வேண்டும். இல்லாவிட்டால் தின்ற பூச்சி வயிற்றில் செரிக்காமல் கிடக்கும். ஐப்பசி மழை பிடித்தால் ரத்தோட்டைப் பக்கம் துணியே காயாது. வறண்ட காற்றுக்குப் பிறந்த தோலுக்கு அந்த ஈரம் ஆகாது. மஞ்சள் பூத்துத் தடித்து உரியும் ‘நன்னிசியொப்சிஸ்’ என்ற பூஞ்சை நோய் வேறு இருக்கிறது. அது தோலோடு நில்லாமல் உள்ளே இறங்கி உயிரையே வாங்கும். சாதாரணத் தோலுரிப்பு என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருக்கக் கூடாது.

செல்லப்பிராணி என்ற பேச்சு வந்தால் மாத்தளையில் 1848ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த வருடம் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிக்கு எண்ணெய் வார்த்த புதிய வரிகளில் நாய் வரியும் ஒன்று. துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் வரி. கிளர்ச்சித் தலைவர் வீர புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டது அந்த ஓகஸ்டில். அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். கிளர்ச்சியை அடக்கிய விதம் பிரித்தானியப் பாராளுமன்றம் வரை போய், ஆளுநர் ரொறிங்ரனும் பதவி இழந்தார், ரெனன்றும் இழந்தார். ஆனால் 1861இல் இலங்கையின் உயிரினங்கள் பற்றி ரெனன்ற் வெளியிட்ட நூலில் ஒரு ஓணானுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது: செரட்டோபோரா ரெனன்ரியை. போன வாரம் பார்த்த இலைமூக்கு ஓணான்தான் அது. நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத அந்தப் பிராணி, கிளர்ச்சி வெடித்த ஊருக்கு மேலே, அந்த அதிகாரியின் பெயரைச் சுமந்துகொண்டு நடக்கிறது. போன வாரமே எழுதியிருக்க வேண்டிய சங்கதி, இடம் போதவில்லை.

நோய்க்குத் திரும்பலாம். இந்த வாரம் வாசித்ததில் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது மின்மினி விவகாரம்தான்.

1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் தோமஸ் ஐஸ்னரும் ஒருவர். பூச்சிகளின் இரசாயன ஆயுதங்களைத் தேடியே ஆயுளைச் செலவிட்டவர். அந்தக் கட்டுரை சொன்னது இது: நல்ல ஆரோக்கியத்தில் இருந்த தாடி ஓணான்கள் திடீரென்று தலையை உதறி, வாயை ஆவென்று பிளந்து, உடல் கறுத்து, சில மணி நேரத்துக்குள் செத்துப் போயின. தொற்று இல்லை, எலும்பு நோய் இல்லை. காரணம் அவை விழுங்கிய மின்மினிப் பூச்சி. வளர்ந்த ஒரு ஓணானைக் கொல்ல ஒரேயொரு பூச்சி போதும்.

அமெரிக்காவின் ‘போற்றினஸ்’ மின்மினிகளின் உடலில் லூசிபுபாஜின் என்ற நஞ்சு உண்டு. தேரை நஞ்சுக்கு நெருங்கிய இரசாயனம், தாக்குவது இதயத்தை. அமெரிக்கப் பறவைகளுக்கு அது தெரியும், வாயில் பட்டதும் துப்பிவிடும். தாடி ஓணானின் முன்னோர் இந்தப் பூச்சியைச் சந்தித்ததே இல்லை. விலக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அதன் வம்சத்தில் யாருமில்லை. அசைந்தால் கவ்வு, இவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

வியப்பு அதோடு தீரவில்லை. ‘போற்றூரிஸ்’ என்ற இன்னொரு மின்மினியின் பெண் பூச்சி, போற்றினஸ் பெண்ணைப் போலவே ஒளிச் சைகை காட்டும். ஆசையோடு இறங்கி வரும் போற்றினஸ் ஆணைப் பிடித்துத் தின்றுவிடும். வயிறு நிரம்புவது ஒரு பக்கம். அந்த நஞ்சும் அதன் உடலில் ஏறி, சிலந்தி போன்ற எதிரிகளிடமிருந்து காக்கும் கவசமாகிறது. ஐஸ்னர் குழு 1997இல் இதை நிறுவியது.

மாத்தளைத் தோட்டங்களில் மின்னுபவை வேறு குலத்து மின்மினிகள். அந்த நம்பிக்கையில் யாரும் தம் பிராணியை வைத்துப் பரீட்சை பார்க்க வேண்டாம். பிள்ளைகள் ஆசையாய்ப் பிடித்து வரும் எந்த மின்மினியும் பெட்டிக்குள் போகக் கூடாது. மருந்தடித்த மிளகாய்த் தோட்டத்துப் பூச்சியும் அப்படியே.

எல்லாம் ஒழுங்காக இருந்தும் குட்டி வளராமல், கால் நடுங்கிக்கொண்டே இருந்தால் சந்தேகம் விழ வேண்டியது அடினோ வைரஸ் மேல். கல்சியக் குறைபாட்டைப் போலவே நடுங்க வைப்பதுதான் இதன் குழப்பம். வெளிப்பார்வைக்குக் கொழுகொழுவென்றிருக்கும் பெரிய ஓணானும் அதைச் சுமந்து பரப்பும். எச்சத்தை அல்லது கழிவாயில் ஒற்றி எடுத்ததைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். குணமாக்கும் மருந்து கிடையாது. பராமரிப்பும் தனிமைப்படுத்தலும்தான் வழி. ஆகவே புதிதாக வந்ததைப் பழையதோடு ஒரே பெட்டியில் விடுவது பெரும் தவறு. வீட்டாரும் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். சல்மொனெல்லா கிருமியை இது சர்வசாதாரணமாகச் சுமக்கும். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

வைத்தியரிடம் பிராணியை மட்டும் கொண்டுபோய்ப் பயனில்லை. அன்றைய எச்சம் சுத்தமான டப்பாவில், விளக்கின் பெட்டியும் அது வாங்கிய திகதியும், குளிர்காயும் இடத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்த அளவு, ஒரு வாரம் கொடுத்த தீனியின் விபரம் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பேராதனையில் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் இருக்கிறது. மாத்தளையிலிருந்து கண்டி வழியாகப் போனால் எட்டாத தூரமில்லை.

இன்னொன்று. இதைப் பார்த்து ஆசைப்பட்டு றிவர்ஸ்டனிலிருந்து ஒரு ஓணானைப் பிடித்து வந்து வளர்க்க யாரும் நினைக்க வேண்டாம். இலைமூக்கு ஓணானையும் குள்ள ஓணானையும் 2019இல் ஜெனீவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் மாநாடு முதலாம் பட்டியலில் சேர்த்தது. வியாபாரத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்கு முழுத் தடை. உள்நாட்டில் பிடிப்பதும் வைத்திருப்பதும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம்.

2006இல் விஞ்ஞானப் பெயர் பெற்ற அந்தக் குள்ள ஓணான், கொபோற்றிஸ் தும்பரா, அடுத்த வாரம் வரும்.