மறதிக்கு முன்னே இரத்தக் குழாய்

1917-ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைக் கண்ட தென்னமரம் தொடங்கி, புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வரையில் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில், விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் ஓய்ந்த தலைமுறை இன்று முதுமையை எட்டியிருக்கிறது. அவர்களுள் ஒருவர் தொடங்கிய காரியத்தை நடுவில் விட்டுத் திகைத்து நின்றால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டார் சமாதானம் அடைந்துவிடுகின்றனர். அவ்வாறு விருத்தாப்பியத்தின் தலையில் நாம் சுமத்தும் மறதியில் ஒரு பகுதி, நடுப்பிராயத்திலேயே இரத்தக் குழாய்களில் தொடங்கிவிட்ட கேட்டின் பலனாகும்.

சரீரத்தின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, உடல் செலவிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதைச் சேமித்து வைக்கும் வசதி இல்லாமையால், இருதயம் அனுப்பும் இரத்தத்தையே கணந்தோறும் நம்பியிருக்கிறது. இரத்தக் கொதிப்பு பல்லாண்டுகள் நீடித்தால் பெருங்குழாய்கள் நெகிழ்ச்சி இழந்து விறைக்க, ஒவ்வொரு துடிப்பின் வேகமும் தணியாமற் சென்று, மூளையின் ஆழத்திலுள்ள மயிரிழை போன்ற நுண்குழாய்களைத் தாக்க, அவற்றின் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. இனிப்புநீரும் புகைப்பழக்கமும் அக்கேட்டை விரைவுபடுத்துகின்றன. மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகள் அதனால் நலிவதால், பெயர்கள் மறப்பதற்கு முன்பே யோசனை மந்தமாவதும், மாதச் செலவுக் கணக்குப் பிசகுவதும், அடி குறுகிக் கால் தேய்த்து நடப்பதும் தென்படலாம்.

2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 29.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பும், 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீரும் உண்டு. 2019-இல் முடிவு வெளியான அமெரிக்கச் சோதனையொன்றில், ஐம்பது வயதைக் கடந்த 9,300-க்கும் அதிகமானோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழும் மற்றவர்களுடையதை 120-க்குக் கீழும் இறக்க முயன்றபோது, பின்னவர்களிடம் அறிவாற்றலின் இலேசான தேய்வு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முற்றிய மறதி நோய் குறைந்ததென்று உறுதியாகச் சொல்லுமளவு சான்று அதில் கிட்டவில்லை. எனினும், திருத்தக்க பதினான்கு காரணங்களை வாழ்நாள் முழுதும் களைய முடிந்தால், உலகில் மறதி நோயின் 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலுமென்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு மதிப்பிட்டது.

தலைவலி இல்லையென்பதற்காகக் கொதிப்பு மாத்திரையைத் தாமே நிறுத்துவது நம்மவரிடையே காணப்படும் வழக்கம்; கொதிப்போ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மாத்திரையால் தலை சுற்றினால் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளலாம். கெட்டிப்பால் தேநீரையும் கருவாட்டையும் குறைத்து, தினமும் நடப்பதும் உபாயமே. இவையாவும் மிகுந்த பயன் தருவது, தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும் லாரிக்கும் போய்விட்ட நாற்பது வயதுப் பிள்ளைகளுக்குத்தான். பெற்றோரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் அன்றே அவர்களும் கையை நீட்டி அழுத்தத்தை அளந்துகொள்வது நலம்.