ஊத மறுத்தால் தப்பலாமா?

“கல்யாண விருந்து முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது போலீஸார் ஊதச் சொன்னால், முடியாது என்று சொல்லிவிடலாமா, வாத்தியாரே?” என்று தோட்டத்து நண்பர் ஒருவர் கேட்டார். உங்களுக்கும் இந்த ஐயம் இருக்கலாம்.

அன்பர்களே, நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, தக்க காரணமின்றி ஊத மறுப்பதே தனிக் குற்றம். சொட்டுக் கள் குடிக்காதவர் வீம்புக்கு மறுத்தாலும் வழக்கு வரும்.

ஆனால் சட்டம் நமக்குப் பாதுகாப்பும் தருகிறது. இழுப்பு நோயால் ஊத முடியவில்லையா? அங்கேயே சொல்லுங்கள், இரத்தமோ சிறுநீரோ கேட்பார்கள். மருத்துவமனையில் படுத்திருப்பவரை, அவரைக் கவனிக்கும் மருத்துவர் வேண்டாமென்றால் சோதிக்கக் கூடாது.

2020 அக்டோபரில் சட்டம் கடுமையானது. 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் என்றிருந்த மதுவின் வரம்பு 22 ஆனது. அதை மீறி ஓட்டினால் முதல் முறையே 10,000 முதல் 30,000 வெள்ளிவரை அபராதம், ஈராண்டு வரை சிறை, லைசென்சும் பறிபோகும்.

லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு லைசென்ஸ் போனால் வீட்டில் உலை ஏது? குடிக்கும் இரவில் சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். ஊதுவதா மறுப்பதா என்ற கேள்வியே எழாது.