ஸ்பீடு பிரேக்கரில் ‘சர்ர்ர்’ சத்தம்... அலாய் வீல் மாற்றிய காரில் டயர் உரசுவது ஏன், எப்படிச் சரிசெய்வது?

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகத் தேனிப் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட்டில் ஐந்து பேர். டிக்கியில் பொங்கல் பானை, பாத்திரம், வெல்லம், விறகு. தனியாக ஓட்டியபோது ஒரு சத்தமும் போடாத கார், செக்கானூரணி தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது பின்பக்கம் ‘சர்ர்ர்’ என்கிறது. ஆண்டிபட்டிக் கணவாய் வளைவுகளில் மறுபடியும் அதே சத்தம். பின்சீட்டில் இருக்கும் அத்தை, “என்னப்பா, வண்டி எதையோ இழுத்துட்டு வருது?” என்று கேட்பார்.

இழுத்துக்கொண்டு வருவது வேறொன்றுமில்லை. போன மாதம் ஆசையாக மாட்டிய 17 இன்ச் அலாய் வீல்தான். ரிம் பெரிதானதோடு டயரும் அகலமாகிவிட்டது. வண்டியில் எடை ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது, டயரின் தோள்பட்டை வீல் ஆர்ச்சின் உதட்டில் போய் உரசுகிறது.

இதை வெறும் சத்தப் பிரச்னையாக நினைத்து, பாட்டு வால்யூமை ஏற்றிக்கொண்டு ஓட்டுபவர்கள் நிறையப் பேர். அது ஆபத்து. டயரின் தரையைத் தொடும் பகுதிக்குள் இரும்புக் கம்பிப் பட்டை இருக்கும். பக்கவாட்டில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, ரப்பரும் நூலிழைகளும்தான். அந்த இடம் அறுபட்டால் பஞ்சர் கடையில் ஒட்டிச் சரிசெய்யவும் முடியாது. கத்திரி வெயிலில், முழு லோடோடு, கன்னியாகுமரி நான்கு வழிச்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் அது வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சுசூகியே செய்த கணக்கு

ஸ்விஃப்ட்டை ஸ்போர்ட்ஸ் காராக்கும் ஆசைக்குப் பின்னால் ஜப்பானின் ‘ஸ்விஃப்ட் ஸ்போர்ட்’ இருக்கிறது. இந்தியாவில் அது விற்பனைக்கு வரவில்லை, ஆனால் அதன் போட்டோவைப் பார்த்துத்தான் பாதிப்பேர் வீல் கடைக்குப் போகிறார்கள். அதில் 17 இன்ச் வீல் உண்டு. டயர் 195/45 ஆர்17.

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கவாட்டின் உயரம், அகலத்தில் 45 சதவிகிதம். 17 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். ஒரு இன்ச் 25.4 மி.மீ. கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த உயரம் சுமார் 607 மி.மீ. வருகிறது.

நம் ஊர் ஸ்விஃப்ட்டின் 185/65 ஆர்15 டயருக்கு இதே கணக்கைப் போட்டால் 621.5 மி.மீ. அதாவது, ரிம்மை 2 இன்ச் பெரிதாக்கிய சுசூகி, டயரின் மொத்த உயரத்தை 14 மி.மீ. குறைத்திருக்கிறது! நாமோ ரிம்மைப் பெரிதாக்கி, கடைக்காரரிடம் ஸ்டாக்கில் இருக்கிற 205/50 ஆர்17 டயரைப் போட்டுக்கொள்கிறோம். அது சுமார் 637 மி.மீ. கம்பெனி டயரைவிட 15 மி.மீ. உயரம், 20 மி.மீ. அகலம். உரசாமல் என்ன செய்யும்?

இன்னொரு விஷயம். ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வீலுக்கு 5 நட்டு. நம் ஸ்விஃப்ட்டுக்கு 4. அதனால் அந்த வீலை இறக்குமதி செய்தாலும் அப்படியே மாட்ட முடியாது பாஸ்.

யாரும் கேட்காத எண்

டிசைன், கலர், விலை எல்லாம் கேட்கிறோம். ஆஃப்செட் எவ்வளவு என்று கேட்பவர் அபூர்வம். ரிம்மின் உள்பக்கத்தில் ‘இ.டி.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் அது அச்சாகியிருக்கும். ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு போடுங்கள். வீல் ஹப்பில் போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறதோ, அதுதான் ஆஃப்செட். இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே துருத்தும். கூடக்கூட உள்ளே போகும்.

ஒரு உதாரணம். பழைய ரிம் 6 இன்ச் அகலம், ஆஃப்செட் 45. புது ரிம் 7 இன்ச், ஆஃப்செட் 35. அகலம் ஒரு இன்ச் கூடியதால் இருபுறமும் 12.7 மி.மீ. கூடுகிறது. ஆஃப்செட் குறைந்ததால் மொத்த வீலும் 10 மி.மீ. வெளியே வருகிறது. ஆக வெளி விளிம்பு 22.7 மி.மீ. துருத்தி நிற்கிறது, உள்பக்கமும் 2.7 மி.மீ. நெருங்குகிறது. வீல் ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் 22.7 மி.மீ. என்பது சின்ன விஷயமே இல்லை.

எங்கே உரசுகிறது?

மெக்கானிக்கிடம் போகும் முன் இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். டயரின் உள், வெளி இரண்டு தோள்பட்டைகளிலும் சாக்பீஸால் சுற்றிலும் கோடு போடுங்கள். வீட்டில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஆள் இல்லாத தெருவில் மெதுவாக ஒரு ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து ஒரு யு டர்ன் போடுங்கள். இறங்கிப் பார்த்தால் சாக்பீஸ் அழிந்த இடம் கதையைச் சொல்லிவிடும்.

லோடு ஏற்றும்போது மட்டும் பின்டயரின் வெளிப்பக்கம் அழிந்திருந்தால், வீல் துருத்துகிறது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முன்டயர் உரசினால், அநேகமாக வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனர்தான். உள்பக்கச் சுவர் பளபளவென்று தேய்ந்திருந்தால் டயர் சஸ்பென்ஷனில் மோதுகிறது. அந்தக் காரை அதற்கு மேல் ஓட்டாமல் இருப்பது நல்லது.

சில சமயம் வீல் மேல் தப்பே இருக்காது. லைனரைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்று தொங்கும். மழைத்தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓட்டிய பிறகு இது சகஜம். பழைய கார் என்றால் ஸ்பிரிங் தளர்ந்து வண்டியே இறங்கியிருக்கலாம். முதலில் இந்த இரண்டையும் பாருங்கள், செலவு மிச்சம்.

சரிசெய்யும் வழிகள்

சிறந்த வழி, டயரை மாற்றுவதுதான். 16 இன்ச் ரிம்மில் 205/55 போட்டிருந்தால் உயரம் சுமார் 632 மி.மீ. அதே ரிம்முக்கு 195/55 போட்டால் 621. கம்பெனி அளவுக்கே வந்துவிடும். மாற்றும்போது டயரில் உள்ள லோடு எண்ணையும் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோ. ஒல்லி டயருக்கு ஆசைப்பட்டு இந்த எண்ணில் இறங்கிவிடக் கூடாது. அதுவும் ஐந்து பேரோடு ஊர் சுற்றும் குடும்பக் காரில்.

டயர் மாற்றியும் துருத்தினால் சரியான ஆஃப்செட் உள்ள ரிம்முக்கு மாறுவதே தீர்வு. கையைக் கடிக்கும்தான். ஆனால் மலிவு வழிகள் என்று சொல்லப்படுபவற்றைப் பாருங்கள். ஆர்ச்சின் உதட்டை உள்பக்கமாக மடித்துவிடுவது ஒன்று. ஹீட் கன்னால் சூடேற்றி, ரோலர் கருவியால் நிதானமாகச் செய்தால் சில மில்லிமீட்டர் கிடைக்கும். அவசரமாகச் சுத்தியலால் அடித்தால் பெயின்ட் வெடித்து, அடுத்த ஐப்பசி மழைக்குத் துரு பிடிக்கும். கட்டரால் அறுப்பது இன்னும் மோசம். பின்பக்க ஆர்ச்சில் உள் தகடும் வெளித் தகடும் அந்த விளிம்பில்தான் வெல்டு ஆகியிருக்கும்.

ஸ்பேசர் வைப்பது உள்பக்கம் உரசினால் மட்டுமே உதவும். வெளிப்பக்கம் உரசும் காரில் ஸ்பேசர் போட்டால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். போல்ட்டில் நட்டு பிடிக்கும் புரிகளும் குறைந்துவிடும். ஸ்டியரிங் முழுசாக ஒடியாதபடி கட்டை கொடுப்பதும் ஒரு வழி என்பார்கள். மாசி வீதிகளின் சந்துகளில் வண்டியைத் திருப்பிப் பார்த்தவர்கள் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்!

சட்டத்தையும் மறக்க வேண்டாம். கம்பெனி குறிப்பிட்ட அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. உங்கள் மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே தரும் அளவுக்குள் நிற்பதுதான் பாதுகாப்பு. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட், மறுபடி சாக்பீஸ் டெஸ்ட், 100 கி.மீ. ஓட்டிய பிறகு நட்டுகளை ஒருமுறை டைட் செய்வது. வேகம் 80-ஐத் தொடும்போது ஸ்டியரிங் நடுங்கினால், ரிம்மின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 மி.மீ. நடுவே ஒரு ஹப் ரிங் போட்டால் சரியாகும்.

பழைய நட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டெப்னி இன்னும் கம்பெனி இரும்பு வீல்தான். அலாய்க்கு வந்த நட்டு அதில் சரியாக உட்காராமல் போகலாம். நான்கு பழைய நட்டுகளையும் ஒரு பையில் கட்டி ஜாக்கியோடு டிக்கியில் போட்டுவையுங்கள்.