ஸ்டீராய்டு களிம்பு: எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்?

தொடை இடுக்கில் வட்டமாகச் சிவந்து அரிக்கும் படர்தாமரைக்கு நம்மில் பலரும் முதலில் தேடிப்போவது தெருமுனை மெடிக்கல் ஷாப்பைத்தான். "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்டால் ஒரு சின்ன ட்யூப் கைக்கு வரும். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும். ஒரு வாரத்தில் சிவப்பும் மங்கும். நல்ல மருந்து என்று நினைத்து நிறுத்தினால், பத்து நாளில் பழைய இடத்தைத் தாண்டி இடுப்பு வரைக்கும் பரவியிருக்கும். மறுபடி அதே ட்யூப். வீட்டில் இன்னொருவருக்கு அரித்தால் அவருக்கும் அதுவே.

இதில் நடப்பது என்ன? படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. அதை எதிர்த்து நம் உடல் செய்யும் சண்டையின் அடையாளம்தான் சிவப்பும் அரிப்பும். அந்த ட்யூபில் இருக்கும் ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது, பூஞ்சையை ஒன்றும் செய்வதில்லை. எதிர்ப்பு இல்லாத தோலில் பூஞ்சை நிம்மதியாக வளர்கிறது. வட்டத்தின் தெளிவான விளிம்பு கலைந்து, வட்டத்துக்குள் வட்டமாக உருமாறிவிடுவதால், சில வேளை மருத்துவருக்கே தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இது இன்னதென்று தெரிகிறது. இந்தியாவில் இப்போது பரவியிருக்கும் டிரைகோஃபைட்டன் இண்டோட்டினியே என்ற பூஞ்சை வகை, வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்கே பல நேரம் அடங்குவதில்லை. அது இங்கே இப்படி வேரூன்றியதில் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

இதற்காக ஸ்டீராய்டு மருந்தையே பழிப்பது நியாயமில்லை. 1952இல் அமெரிக்காவில் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைத் தோலில் தடவிப் பலன் கண்டு எழுதினார்கள். அதுவரை தார் பூசிக்கொண்டு இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்த எக்ஸிமா நோயாளிகளுக்கு அது பெரும் விடுதலை. இன்றும் எக்ஸிமா, சோரியாசிஸ், ஒவ்வாமைத் தடிப்பு ஆகியவற்றுக்கு இதைவிட விரைவாகக் கேட்கும் பூச்சு மருந்து அரிது. "ஸ்டீராய்டா, வேண்டவே வேண்டாம்" என்று பயந்து, கரப்பான் வந்த குழந்தையைத் தூங்கவிடாமல் அரிப்போடு விட்டுவைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அந்தப் பயமும் குழந்தைக்குத் தீங்குதான்.

பயப்படாமலும் அளவு மீறாமலும் பூசச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். முதலில் வீரியம். ட்யூபில் உள்ள சதவீதத்தை வைத்து இதை எடைபோட முடியாது. ஹைட்ரோகார்ட்டிசோன் 1% மென்மையான மருந்து. குளோபெட்டசால் 0.05% என்பது பார்க்கச் சின்ன எண், ஆனால் அதைவிடப் பல நூறு மடங்கு வீரியம் உள்ளது. பீட்டாமெத்தசோனும் மோமெட்டசோனும் இவை இரண்டுக்கும் நடுவில் வருபவை. ஆகவே பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். "பூஞ்சைக் களிம்பு" என்று தருவதற்குள்ளும் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, குளோபெட்டசால் மூன்றும் கலந்திருக்கலாம்.

அடுத்தது இடம். 1967இல் ஃபெல்ட்மன், மைபக் என்ற ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனை உடலின் பல பகுதிகளில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையின் உட்புறம் 1 என்றால் உள்ளங்கால் 0.14தான். நெற்றி 6, தாடை ஓரம் 13, விரைப்பை 42! உள்ளங்காலில் வாரக்கணக்கில் பூசினாலும் தாங்கும் ஒரு மருந்து, தொடை இடுக்கில் சில வாரங்களிலேயே தோலை மெலியவைத்து, பிரசவத் தழும்பு போன்ற கோடுகளைப் போட்டுவிடும். அந்தக் கோடுகள் பிறகு மறைவதில்லை. இமையில் தொடர்ந்து பூசினால் கண் அழுத்தமும் புரையும் வரலாம். குழந்தையின் டயபருக்குள் பூசுவது மருந்தைப் போட்டு மூடிக் கட்டியதற்குச் சமம். அது ரத்தத்தில் கலந்து அட்ரினல் சுரப்பியையே மந்தமாக்கக்கூடும்.

எவ்வளவு பூசுவது? "லேசாகத் தடவுங்கள்" என்று சொன்னால் ஒருவர் பொட்டு வைப்பது போல வைக்கிறார், இன்னொருவர் எண்ணெய் தேய்ப்பது போலத் தேய்க்கிறார். இதற்கு விரல்நுனி அளவு என்று ஒரு எளிய கணக்கு உண்டு. பெரியவரின் ஆள்காட்டி விரலில் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். மணிக்கட்டு வரை ஒரு கைக்கு அப்படி 3, கணுக்கால் வரை ஒரு காலுக்கு 6. நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு தடவைக்கு மேல் பூசுவதால் கூடுதல் பலன் இல்லை. குளோபெட்டசாலைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 50 கிராமுக்கு மேலோ போகவிடக் கூடாது. மருத்துவர் நாள் எண்ணிக்கையைச் சொல்லவில்லை என்றால், "எத்தனை நாள் டாக்டர்? எப்படி நிறுத்தணும்?" என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். போன வருஷச் சீட்டை நீட்டி மறுபடி வாங்குவதுதான் பலருக்குத் தீராத தொல்லையின் தொடக்கம்.

சட்டமும் இதில் தாமதமாகத்தான் விழித்தது. வாயில் போடும் ஸ்டீராய்டுக்குச் சீட்டு கட்டாயம், தோலில் பூசுவதற்கு விலக்கு என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. தோல் மருத்துவர் சங்கத்தின் விடாத முயற்சிக்குப் பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைகளில் அது எந்த அளவு நடக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

எனக்கு மிகுந்த வேதனை தருவது முகத்துக்குப் பூசுவது. 1975இல் கிளிக்மன், வில்லிஸ் இருவரும் மங்கு போன்ற கருமைக்காக ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் மூன்றையும் சேர்த்து ஒரு கலவை செய்தார்கள். மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலம் பூச வேண்டிய கலவை அது. அதன் வழிவந்த களிம்புகள், டெக்சாமெத்தசோனுக்குப் பதில் மோமெட்டசோனோடு, நம் ஊரில் சிவப்பழகு க்ரீமாகவே புழங்கின. தோழி சொன்னாள், அழகு நிலையத்தில் சொன்னார்கள் என்று கல்யாணத்துக்கு முன் பூசத் தொடங்கும் பெண்கள் எத்தனை பேர்! முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு பருக்கள், பூனை மீசை, கன்னத்தில் சிவந்த நரம்புக் கோடுகள், வெயிலில் போனால் எரிச்சல். நிறுத்தினால் முகம் கொதித்துச் சிவக்கிறது என்பதால் நிறுத்தவும் முடிவதில்லை. 'ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்' என்று இதற்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். தன் நிறத்தை நொந்துகொள்ளும்படி ஒரு பெண்ணை வளர்த்துவிட்டு, அவள் க்ரீம் பூசியதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படி மாதக்கணக்கில் பூசிவந்தவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. வீரியத்தைப் படிப்படியாகக் குறைத்து, வேறு மருந்துக்கு மாற்றிவிடுவார்கள். நடுவில் சில வாரங்கள் முகம் முன்னைவிட மோசமாகத் தெரியும், அப்போதுதான் பலர் பயந்து பழைய ட்யூபுக்கே திரும்புகிறார்கள். அந்த வாரங்களில் வீட்டிலுள்ளவர்கள் துணையாக இருக்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது தடவிவந்த ட்யூப்களை எல்லாம், காலியானவற்றையும் சேர்த்து, கையோடு எடுத்துப் போங்கள்.