ஒரே ஆளை விற்று இரண்டு ஃபைனல் டீம்!

2025 ஜூனில் நடந்த என்.பி.ஏ. கூடைப்பந்து ஃபைனல் ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. ஒரு பக்கம் ஓக்லஹோமா சிட்டி தண்டரின் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், எதிர்ப்பக்கம் இந்தியானா பேசர்ஸின் டைரீஸ் ஹாலிபர்ட்டன். முதல் ஆட்டத்தில் 0.3 நொடி மிச்சமிருந்தபோது ஹாலிபர்ட்டன் பந்தைக் கூடைக்குள் போட்டு ஓக்லஹோமா ரசிகர்களை வாயடைக்க வைத்தார். ஆனாலும் கோப்பை கடைசியில் ஷாய் கைக்குத்தான் போனது. டிவியில் நாம் பார்த்தது இவ்வளவுதான்.

பார்க்காதது இன்னும் ஜோர்! இந்த இரண்டு பேரையும் முதலில் வைத்திருந்த டீம்கள் 20, 21 வயதிலேயே கைமாற்றிவிட்டன. இருவரும் இப்போதைய டீமுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் பால் ஜார்ஜ் என்ற ஒரே ஆள். அவரோ அந்த ஃபைனலில் ஆடவே இல்லை.

கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2017-ல் இந்தியானா, பால் ஜார்ஜை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்து விக்டர் ஒலடிப்போவையும் 21 வயது டொமான்டஸ் சபோனிஸையும் வாங்கியது. இவ்வளவு பெரிய ஸ்டாருக்கு இதுதானா விலை என்று பலரும் சிரித்தார்கள். 2019-ல் ஓக்லஹோமா அதே ஜார்ஜை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குத் தள்ளிவிட்டு ஷாயை வாங்கியது. 2022 பிப்ரவரியில் இந்தியானா சபோனிஸை சாக்ரமென்டோ கிங்ஸுக்குக் கொடுத்து ஹாலிபர்ட்டனைக் கூட்டிவந்தது. மூன்றே டிரேடு, இரண்டு ஃபைனல் டீம்!

இளம் வீரர்களை வைத்து இப்படிப் பேரம் நடக்கும் அறைக்குள் கேமரா நுழையாது. ஆனால் மேஜையில் என்னென்ன கிடக்கும் என்று சொல்லிவிடலாம். கல்யாணத் தரகரின் பைக்குள் இருப்பதுபோல வயது, உயரம், சம்பளம், உடம்பு எப்படி என்று எல்லா விவரமும் அங்கே இருக்கும். சம்பந்தப்பட்ட பையன் மட்டும் இருக்க மாட்டார்.

முதலில் புரட்டுவது ஒப்பந்தத்தை. புது வீரர்களை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வானவருக்கு நான்கு வருட ஒப்பந்தம். எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாரோ, அதற்கேற்ற சம்பளம் அட்டவணையிலேயே இருக்கும். மூன்றாம், நான்காம் வருடங்களுக்கு அவரை வைத்துக்கொள்வதா என்பதை டீமே முடிவு செய்யும். அந்த நான்கு வருடத்தில் அவர் எவ்வளவுதான் வெளுத்து வாங்கினாலும் சம்பளம் அட்டவணையைத் தாண்டி எகிறாது. ஆக, குறைந்த சம்பளத்தில் இன்னும் எத்தனை வருடம் ஆடுவார் என்பதில்தான் பாதி விலை நிற்கிறது. ஷாய் 2018 டிராஃப்டில் 11-வது ஆள். முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 10.8 புள்ளி எடுத்தார். கண்ணைப் பறிக்கும் கணக்கு இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று வருடம் பாக்கி இருந்ததே!

அடுத்தது, எதிராளிக்கு எவ்வளவு அவசரம்? 2019-ல் ஸ்டார் வீரர் கவாய் லெனார்டைப் பிடிக்கக் கிளிப்பர்ஸ் துடித்தது. கூட ஆட இன்னொரு ஸ்டார் வேண்டும் என்றார் கவாய், கிளிப்பர்ஸ் ஓக்லஹோமாவிடம் ஜார்ஜைக் கேட்டது. இந்தத் தவிப்பு தெரிந்தபிறகு ஓக்லஹோமாவின் ஜெனரல் மேனேஜர் சாம் பிரெஸ்டி சும்மா இருப்பாரா? ஷாய், சம்பளக் கணக்கை ஈடுகட்ட டேனிலோ கலினாரி, முதல் சுற்று டிராஃப்ட் பிக் (அதாவது ஆள் எடுக்கும் வாய்ப்பு) ஐந்து, பிக் மாற்றிக்கொள்ளும் உரிமை இரண்டு என்று அள்ளிக்கொண்டு போனார். அதில் ஒரு பிக்கை வைத்து 2022-ல் 12-வது ஆளாக எடுத்த ஜேலன் வில்லியம்ஸ்தான் 2025 ஃபைனலின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி குவித்தவர். கவாய், ஜார்ஜ் ஜோடியோ கிளிப்பர்ஸில் ஒரு ஃபைனலைக்கூட எட்டவில்லை.

அதற்காக, இளம் வீரரைக் கொடுத்தவரெல்லாம் ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். சாக்ரமென்டோவில் டி'ஆரன் ஃபாக்ஸ் இருந்தார், அவருக்கும் ஹாலிபர்ட்டனுக்கும் ஏறக்குறைய ஒரே வேலை. சபோனிஸ் வந்ததும் 16 சீசனாகப் பிளேஆஃப் பக்கமே போகாத டீம் 2023-ல் போய்ச் சேர்ந்தது. பிரெஸ்டியே 2024 ஜூனில் 21 வயது ஜாஷ் கிடியைச் சிகாகோ புல்ஸுக்குக் கொடுத்து, 30 வயது அலெக்ஸ் கரூசோவை வாங்கினார். மேற்கொண்டு ஒரு பிக்கைக்கூடக் கேட்கவில்லை! காரணம் அதற்கு முந்தைய மாதம் பிளேஆஃபிலேயே தெரிந்தது. கிடி தூரத்திலிருந்து எறிந்தால் விழாது என்று டாலஸ் வீரர்கள் அவரைக் காவல் காக்காமலே விட்டார்கள். பிறகு அவர் பெஞ்சுக்குப் போனார். ஒப்பந்தத்தில் ஒரே வருடம் பாக்கி, அதன்பின் பெரிய சம்பளம் கேட்பார். வயதைப் பார்த்தால் தங்கம், தேவையைப் பார்த்தால் வேறு கதை. தற்காப்பில் புலியான கரூசோ அடுத்த வருடமே கோப்பையில் பங்கு பெற்றார்.

எல்லாம் பேசி முடித்தபிறகு லீக் அதிகாரிகளோடு இரண்டு டீமும் ஒரே போன் அழைப்பில் நிபந்தனைகளை வரி வரியாகச் சரிபார்ப்பார்கள். அப்போதும் முடிந்துவிடாது, மருத்துவப் பரிசோதனை பாக்கி. இங்கேதான் உச்சகட்ட கூத்து! 2025 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு ஒரு சென்டர், அதாவது கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆள், அவசரமாகத் தேவைப்பட்டது. ஷார்லட் ஹார்னெட்ஸின் மார்க் வில்லியம்ஸுக்காக, முதல் சீசன் ஆடிக்கொண்டிருந்த டால்டன் கெனெக்டையும் கேம் ரெடிஷையும் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். செய்தி ஊரெல்லாம் பரவியபிறகு, வில்லியம்ஸின் பரிசோதனை முடிவு சரியில்லை என்று டிரேடையே ரத்து செய்தது லேக்கர்ஸ். கெனெக்ட் பழையபடி அதே டீமுக்கு வந்து, தன்னை விற்கத் துணிந்தவர்களுக்காகவே ஆடினார். மற்ற இளைஞர்களுக்கெல்லாம் அறைக்குள் தங்களுக்குப் பேசப்படும் விலை தெரியாது. அவருக்கு மட்டும் காசு சுத்தமாகத் தெரிந்துவிட்டது: தான், ரெடிஷ், 2031-ன் முதல் சுற்று பிக், 2030-ல் பிக் மாற்றும் உரிமை எல்லாம் சேர்ந்தால் ஒரு சென்டர்!